நோட்டரி வருவதற்கு முன்னால்

அம்மா குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்த மூன்றாவது வாரம் கும்பகோணத்திலிருந்து மாமா போன் செய்தார். தாத்தா வீட்டுக்கு ஆள் வந்துவிட்டது, அட்வான்ஸும் வாங்கியாகிவிட்டது, நாலு மாதத்துக்குள் கிரயம் முடிக்க வேண்டும் என்றார். வீடு அம்மா பெயரிலும் மாமா பெயரிலும் கூட்டாக இருக்கிறது. "அக்காவால இப்ப வர முடியாதுல்ல பாப்பா? ஒரு பவர் போட்டு அனுப்பிடுங்க. அங்கேயே நோட்டரிகிட்ட கையெழுத்து வாங்கினா போதும்னு பத்திர எழுத்தர் சொல்றார்" என்றார். பவர் என்றால், நமக்குப் பதிலாகச் செய்ய இன்னொருவருக்கு அதிகாரம் கொடுக்கும் பத்திரம்.

நாங்கள் இருப்பது கலிஃபோர்னியாவில், ஃப்ரீமான்ட்டில். அம்மா அறுவை சிகிச்சை முடிந்து, நடைப்பயிற்சி தரும் ஒரு நர்சிங் மையத்தில் இருந்தாள். காரில் உட்காரவே முடியாத நிலை. வங்கிக்கோ கூரியர் கடைக்கோ கூட்டிப்போய் நோட்டரி முன்னால் நிறுத்துவது நடக்காத காரியம். அதனால் படுக்கைக்கே வரக்கூடிய மொபைல் நோட்டரி ஒருவரைத் தேடிப் பிடித்தேன். செவ்வாய்க்கிழமை மாலை ஆறு மணிக்கு வரச் சொன்னேன். வந்தார். முக்கால் மணி நேரம் இருந்தார். கையெழுத்து வாங்காமலேயே திரும்பிப் போனார். தப்பு முழுக்க என் பக்கம்தான். நான் எதையும் தயார் செய்யவில்லை, என்ன தயார் செய்ய வேண்டும் என்றும் கேட்கவில்லை. ஊரில் சொத்து, இங்கே நடமாட முடியாத அப்பா அம்மா என்று இருப்பவர்கள் நம்மில் நிறையப் பேர். அவர்களுக்கு உதவும் என்றுதான் நடந்ததை முழுதாக எழுதுகிறேன்.

முதலில் ஒரு விஷயம் புரிய வேண்டும். நம் ஊரில் நோட்டரி என்றால் கறுப்புக் கோட்டுப் போட்ட வழக்கறிஞர். பல வருஷம் வக்கீலாக இருந்தவரைத்தான் அரசு நோட்டரியாக நியமிக்கும். கலிஃபோர்னியாவில் அப்படி இல்லை. 18 வயது நிறைந்தவர், ஆறு மணி நேர வகுப்பு முடித்து, மாநில அரசின் தேர்வில் தேறி, கைரேகை கொடுத்துப் பின்னணிச் சோதனையிலும் தேறினால் நாலு வருஷத்துக்கு நோட்டரி ஆகலாம். வக்கீலாக இருக்க வேண்டியதில்லை. வக்கீல் அல்லாத நோட்டரி சட்ட ஆலோசனை சொல்வது குற்றமும்கூட. "இந்தப் பத்திரம் தமிழ்நாட்டில் செல்லுமா சார்?" என்று கேட்டால் அவர் பதில் சொல்லக் கூடாது. அவர் பார்ப்பது, எதிரே இருப்பவர் தான் சொல்லும் ஆள்தானா, என்ன ஆவணம் என்று தெரிந்து விருப்பத்தோடுதான் கையெழுத்துப் போடுகிறாரா என்பதை மட்டும். பத்திரம் சரியா என்பது முழுக்க நம் பொறுப்பு.

சரி, அந்தச் செவ்வாய்க்கிழமைக்கு வருகிறேன். வந்தவர் வயதானவர், மிகவும் தன்மையான மனிதர். முதலில் அம்மாவின் அடையாள அட்டையைக் கேட்டார். நான் கிரீன் கார்டை நீட்டினேன். அமெரிக்க அரசு கொடுத்த அட்டை, படம் இருக்கிறது, இதைவிட என்ன வேண்டும் என்பது என் நினைப்பு. அவர் தலையை ஆட்டினார். கலிஃபோர்னியச் சட்டத்தில் நோட்டரி ஏற்கக்கூடிய அடையாள அட்டைகளுக்கு ஒரு பட்டியல் இருக்கிறது. அந்தப் பட்டியலில் கிரீன் கார்டு இல்லை. ஆதாரும் இல்லை. கலிஃபோர்னிய ஓட்டுநர் உரிமம் அல்லது அடையாள அட்டை, அமெரிக்க பாஸ்போர்ட், சொந்த நாட்டு பாஸ்போர்ட் எல்லாம் உண்டு. அது இன்னும் காலாவதி ஆகாததாக இருக்க வேண்டும், இல்லையென்றால் கடந்த ஐந்து வருஷத்துக்குள் வழங்கப்பட்டதாக இருக்க வேண்டும். அம்மாவின் இந்திய பாஸ்போர்ட் வீட்டு அலமாரியில் இருந்தது. என் கணவர் எடுத்து வர ஓடினார்.

உங்கள் அம்மா அப்பாவின் பாஸ்போர்ட் காலாவதியாகி, வேறு அட்டையும் இல்லை என்றால் வழி இல்லாமல் இல்லை. அவரை நன்றாகத் தெரிந்த இரண்டு பேர், தங்களுடைய சரியான அடையாள அட்டையோடு வந்து, இவர் இன்னார்தான் என்று நோட்டரி முன்னால் சத்தியம் செய்யலாம். அந்த இருவருக்கும் பத்திரத்தால் பணப் பலன் எதுவும் இருக்கக் கூடாது, அவர்கள் பெயர் பத்திரத்தில் இருக்கவும் கூடாது. அதனால் மகனோ மகளோ அந்த இடத்தில் நிற்பது பெரும்பாலும் சரிவராது. இந்த ஏற்பாட்டை நோட்டரியிடம் முன்கூட்டியே போனில் சொல்லிவிட வேண்டும்.

பாஸ்போர்ட் வரும்வரை அந்த நோட்டரி பத்திரத்தைப் புரட்டினார். தமிழில் இருந்தது. மொழி தெரியாவிட்டாலும் பரவாயில்லை, நான் சான்று கொடுப்பது கையெழுத்துக்குத்தான், எழுதியிருப்பதற்கு இல்லை என்றார். ஆனால் மூன்றாம் பக்கத்தில் புள்ளிக்கோடு போட்டு விட்டிருந்த இடத்தில் அவர் விரல் நின்றது. மாமாவின் ஆதார் எண்ணுக்கான இடம். கடைசிப் பக்கத்தில் தேதிக்கும் இடம் விட்டிருந்தது. "அப்புறம் எழுதிக்கலாம்" என்று பத்திர எழுத்தர் சொல்லியிருந்தார். இங்கே அது நடக்காது. பூர்த்தியாகாத ஆவணத்துக்குச் சான்று கொடுக்கக் கூடாது என்பது சட்டம். கையெழுத்துக்கான இடத்தைத் தவிர ஒரு எழுத்துக்கூட விட்டுப்போயிருக்கக் கூடாது.

பாஸ்போர்ட் வந்தது. மாமாவிடம் கேட்டு ஆதார் எண்ணையும் தேதியையும் நிரப்பினேன். இனி முடிந்துவிடும் என்று நினைத்தபோதுதான் அவர் அம்மா பக்கம் திரும்பி, நாற்காலியைக் கட்டிலருகே இழுத்துப் போட்டுக்கொண்டு, ஆங்கிலத்தில் கேட்டார்: இது என்ன காகிதம் என்று உங்களுக்குத் தெரியுமா?

அம்மா என்னைப் பார்த்தாள். அம்மாவுக்கு ஆங்கிலம் நாலைந்து வார்த்தைக்கு மேல் வராது. நான் "பவர் பத்திரம்னு சொல்லும்மா, ஆமான்னு சொல்லு" என்றேன். அம்மா அவரைப் பார்த்து "எஸ், எஸ்" என்றாள். அவர் பதிவேட்டை மூடி வைத்துவிட்டார்.

கோபமாக இல்லை. நிதானமாகத்தான் சொன்னார். கலிஃபோர்னியாவில் நோட்டரிக்கும் கையெழுத்துப் போடுபவருக்கும் நடுவில் மொழிபெயர்ப்பாளர் கூடாது. இரண்டு பேரும் நேரடியாகப் பேசிக்கொள்ள முடிய வேண்டும். பத்திரம் எந்த மொழியில் இருந்தாலும் சரி, ஆள் பேசுவது எனக்குப் புரிய வேண்டும், நான் பேசுவது அவருக்குப் புரிய வேண்டும் என்றார். நான் அம்மாவின் சொந்த மகள் என்றேன். அதனால்தான் கூடாது என்றார். பேசியபடி 80 டாலர் பயணக் கட்டணத்தை வாங்கிக்கொண்டு, தமிழ் பேசும் நோட்டரி யாராவது கிடைக்கிறாரா பாருங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார்.

அன்று இரவு எனக்கு அழுகையே வந்துவிட்டது. நாள் ஓடிக்கொண்டிருக்கிறது, மாமா வாங்கிய அட்வான்ஸ் கண்முன் நிற்கிறது, இவர் ஒரு சின்ன விதியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாரே என்று தோன்றியது. அடுத்த நாள் நடந்ததைப் பார்த்த பிறகு அந்த விதியைப் பற்றி எனக்கு ஒரு குறையும் இல்லை.

மறுநாள் மதியம் அம்மாவுக்குச் சாப்பாடு கொண்டுபோயிருந்தேன். செய்வதற்கு வேறு ஒன்றும் இல்லாததால், பத்திரத்தை எடுத்து அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். அதுவரை அம்மா அதைப் படிக்கவே இல்லை. நானும் மேலோட்டமாகப் பார்த்ததோடு சரி. "மேற்படி சொத்து முழுவதையும் விற்கவும், கிரயத் தொகையைப் பெற்றுக்கொள்ளவும்" என்று வாசித்து, சொத்து விவரத்துக்கு வந்தேன். நான்கு எல்லை சொல்லும் இடத்தில் அம்மா கையை நீட்டி நிறுத்தினாள்.

"வடக்கே என்ன போட்டிருக்கு?"

"வாய்க்கால்."

"வாய்க்காலா? வீட்டுக்கு வடக்கே கொல்லைல்ல இருக்கு! கொல்லைக்கு வடக்கேதான் வாய்க்கால். அப்ப கொல்லையும் இதுல சேந்துபோச்சேடி. கொல்லை பத்திப் பேச்சே கிடையாதே. தம்பிக்கும் எனக்கும் நடுவுல, வீட்டை மட்டும் கொடுக்கறதாத்தானே பேச்சு."

மாமாவை அழைத்தேன். அவரும் பதறிப்போனார். அவருக்கும் தெரியவில்லை. பத்திர எழுத்தர் பழைய மூலப்பத்திரத்தில் இருந்த எல்லைகளை அப்படியே எடுத்துப் போட்டிருக்கிறார். அதில் வீடும் கொல்லையும் சேர்ந்தே இருக்கும். விற்பதாகப் பேசியது வீட்டையும் அதன் மனைக்கட்டையும் மட்டும். முதல் நாளே அந்தப் பத்திரம் கையெழுத்தாகி ஊருக்குப் போயிருந்தால், அம்மாவின் நாலு தென்னை மரமும் கிணறும் நிற்கிற கொல்லையை விற்க அதிகாரம் கொடுத்த மாதிரி ஆகியிருக்கும். மாமா நல்லவர், அப்படிச் செய்திருக்க மாட்டார். ஆனால் பத்திரம் என்பது நல்லவர்களை நம்பி எழுதுவது இல்லையே.

அதனால் நான் எல்லோரிடமும் முதலில் சொல்வது இதைத்தான். நோட்டரி வருவதற்கு முந்தின நாளாவது, கையெழுத்துப் போடப்போகிறவருக்குப் பத்திரத்தை வரி விடாமல் வாசித்துக் காட்டுங்கள். அவர் படுக்கையில் இருக்கிறார், எழுபத்தெட்டு வயது, இதெல்லாம் புரியாது என்று நாமே முடிவு செய்துவிடுகிறோம். எல்லை, அளவு, பங்காளி, வழிப்பாதை எல்லாம் நம்மைவிட அவர்களுக்குத்தான் தெரியும். வாசிக்கும்போது சர்வே எண்ணையும் கதவு எண்ணையும் பட்டாவோடும் வில்லங்கச் சான்றோடும் ஒப்பிட்டுக்கொள்ளுங்கள். பொது அதிகாரமா, குறிப்பிட்ட ஒரு சொத்தை விற்க மட்டும் அதிகாரமா என்று பாருங்கள். நாங்கள் அம்மாவின் விருப்பப்படி, இந்த ஒரு வீட்டைக் கிரயம் செய்ய மட்டும் என்று மாற்றி எழுதச் சொன்னோம்.

மாற்றி எழுதுகிற சாக்கில் பெயரையும் சரிசெய்தோம். மூலப்பத்திரத்தில் அம்மாவின் பெயர் தாத்தாவின் முதலெழுத்தோடு இருக்கிறது. கல்யாணத்துக்குப் பிறகு அப்பாவின் முதலெழுத்து. பாஸ்போர்ட்டில் முதலெழுத்தே கிடையாது, அப்பாவின் பெயர் முழுதாகக் குடும்பப் பெயர் இடத்தில் உட்கார்ந்திருக்கிறது. நம் ஊர்க்காரர்கள் எல்லோருக்கும் உள்ள தொல்லைதான் இது. நோட்டரி பார்ப்பது பாஸ்போர்ட் பெயரை. சார்பதிவாளர் பார்ப்பது மூலப்பத்திரப் பெயரை. அதனால் பத்திரத்தின் தொடக்கத்திலும் கையெழுத்துக்குக் கீழேயும் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே பெயர் வந்தது. மூலப்பத்திரத்தில் இன்ன பெயரில் குறிப்பிடப்பட்டவரும் இவரே என்று பத்திரத்துக்குள் ஒரு வாக்கியம் சேர்ந்தது. அம்மா தமிழில்தான் கையெழுத்துப் போடுவாள். பாஸ்போர்ட்டிலும் அதே தமிழ்க் கையெழுத்து இருந்தது வசதியாகப் போயிற்று. நோட்டரி இரண்டையும் ஒப்பிட்டுப் பார்ப்பார். பாஸ்போர்ட்டில் ஒரு மாதிரியும் பத்திரத்தில் வேறு மாதிரியும் போட வேண்டாம்.

முத்திரைத்தாள் ஊரிலிருந்து வரவழைக்க வேண்டுமா என்று நண்பர்கள் சிலர் கேட்டார்கள். வேண்டியதில்லை. வெளிநாட்டில் எழுதிக் கையெழுத்தான பத்திரம் இந்தியாவுக்கு வந்து சேர்ந்த நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் முத்திரைத் தீர்வை கட்டிக்கொள்ள இந்திய முத்திரைச் சட்டமே இடம் கொடுக்கிறது. நாங்கள் நல்ல தடிமனான வெள்ளைத்தாளில் அச்சடித்தோம். கடைசிப் பக்கத்தில் அரைப் பக்கம் காலியாக விட்டோம். நோட்டரி முத்திரை எழுத்தின் மீதோ கையெழுத்தின் மீதோ ஏறினால் சிக்கல்.

இனி நோட்டரி தேடிய கதை. ஊர்க்காரர்களின் வாட்ஸ்அப் குழுவில் கேட்டதில், மில்பிடாஸில் இருக்கும் ஒரு தமிழ்ப் பெண்மணி கிடைத்தார். இந்தத் தடவை போனிலேயே எல்லாவற்றையும் கேட்டேன். அவரும் என்னைக் கேட்டார். அம்மா தெளிவாகப் பேசுவாரா, எந்த நேரத்தில் மருந்து கொடுக்கிறார்கள், என்ன அடையாள அட்டை, ஆவணத்தில் காலி இடம் உண்டா, எத்தனை கையெழுத்துக்குச் சான்று வேண்டும் என்று வரிசையாகக் கேட்டபோதே எனக்கு நம்பிக்கை வந்துவிட்டது. நல்ல நோட்டரியை அவர் கேட்கிற கேள்விகளை வைத்தே கண்டுபிடித்துவிடலாம் என்பது என் அபிப்பிராயம்.

கட்டணத்தில் இரண்டு பகுதி இருக்கிறது. கலிஃபோர்னியாவில் ஒரு கையெழுத்துக்குச் சான்று கொடுக்க நோட்டரி அதிகபட்சம் 15 டாலர்தான் வாங்கலாம். பயணக் கட்டணத்துக்கு அப்படி உச்சவரம்பு இல்லை, நாம் பேசி முடிவு செய்வதுதான். மாலை நேரம், ஞாயிற்றுக்கிழமை, மருத்துவமனை என்றால் கூடும். கையெழுத்து நடக்காமல் திரும்பினாலும் பயணக் கட்டணம் உண்டா என்பதையும் முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். மற்ற மாநிலங்களில் கணக்கு வேறு. நியூயார்க்கில் சான்றுக்கு 2 டாலர்தான்.

அடுத்தது, எந்த வகைச் சான்று வேண்டும் என்பது. இதை நோட்டரி நமக்காக முடிவு செய்ய மாட்டார், நாம்தான் சொல்ல வேண்டும். அக்னாலெட்ஜ்மென்ட் என்றால், இது என் கையெழுத்துதான் என்று அவர் முன்னால் ஒப்புக்கொள்வது. ஜுராட் என்றால், எழுதியிருப்பது உண்மை என்று சத்தியம் செய்து அவர் கண்முன் கையெழுத்துப் போடுவது. பவர் பத்திரத்துக்கு அக்னாலெட்ஜ்மென்ட் போதும். இங்கே ஒரு நுணுக்கம் இருக்கிறது. கலிஃபோர்னியச் சட்டப்படி அக்னாலெட்ஜ்மென்ட்டுக்கு முன்னமே கையெழுத்துப் போட்டு வைத்திருந்தாலும் பரவாயில்லை. ஆனால் நம் ஊர்ப் பதிவுச் சட்டம், 1908ஆம் வருஷத்துச் சட்டம், பிரிவு 33, வெளிநாட்டில் இருப்பவர் கொடுக்கும் பவர் நோட்டரி முன்னிலையில் எழுதிக் கொடுக்கப்பட்டு அவரால் சான்றளிக்கப்பட வேண்டும் என்கிறது. அதனால் அவர் வருவதற்கு முன்பே கையெழுத்துப் போட்டு வைக்காதீர்கள். ஒவ்வொரு பக்கக் கையெழுத்தும் அவர் கண்ணெதிரிலேயே நடக்கட்டும்.

சாட்சிகளையும் நாமே ஏற்பாடு செய்ய வேண்டும். நம் ஊர் வழக்கப்படி பத்திரத்தில் இரண்டு சாட்சிக் கையெழுத்து வேண்டும். அங்கே இருக்கும் நர்ஸ் யாராவது போட்டுவிடுவார் என்று நினைத்திருந்தேன். அந்த மையத்தின் ஊழியர்கள் எந்த ஆவணத்திலும் சாட்சிக் கையெழுத்துப் போடக் கூடாது என்பது அவர்கள் விதி என்று பிறகுதான் தெரிந்தது. பக்கத்துத் தெரு நண்பர்கள் இருவரை, ஓட்டுநர் உரிமத்தோடு வரச் சொன்னேன்.

நேரம் முக்கியம். முதல் தடவை நான் மாலை ஆறு மணி வைத்தது பெரிய தவறு. அம்மாவுக்கு நாலரைக்கு வலி மாத்திரை கொடுப்பார்கள், ஆறு மணிக்குக் கண் செருகும். மயக்கத்தில் இருப்பவரிடம் எந்த நோட்டரியும் கையெழுத்து வாங்க மாட்டார், வாங்கவும் கூடாது. அம்மா எப்போது நல்ல தெளிவாக இருக்கிறாள் என்று நர்ஸைக் கேட்டேன். காலைச் சாப்பாட்டுக்குப் பிறகு, நடைப்பயிற்சிக்கு முன்னால், ஒன்பதரை என்றார். அதையே வைத்துக்கொண்டோம். பக்கத்துக் கட்டில் பாட்டியின் டிவியை அந்த நேரம் கொஞ்சம் குறைத்து வைக்க முடியுமா என்றும் கேட்டு வைத்தேன். அம்மாவுக்கு ஒரு காது மந்தம்.

சனிக்கிழமை காலை. கட்டிலின் தலைப்பக்கத்தை உயர்த்தி, அம்மாவை நிமிர்ந்து உட்காரவைத்து, கண்ணாடி போட்டு, மடியில் தலையணை வைத்து, அதன்மேல் என் மகனின் பரீட்சை அட்டையை வைத்தேன். முந்தின நாள் வெறும் தாளில் நாலைந்து தடவை கையெழுத்துப் போட்டுப் பழகச் சொல்லியிருந்தேன். மூன்று வாரம் படுத்திருந்த கை நடுங்குகிறது. நீல மை பேனா இரண்டு. அச்சுக்கும் கையெழுத்துக்கும் நிறம் வேறாக இருந்தால் அசல் எது என்று ஊரில் சுலபமாகத் தெரியும்.

அந்தப் பெண்மணி வந்ததும் "வணக்கம்மா, கால் இப்ப எப்படி இருக்கு?" என்று கேட்டார். அம்மாவின் முகம் மாறிய விதத்தைச் சொல்லத் தெரியவில்லை. மூன்று வாரமாக அந்த அறைக்குள் வந்த வெளியாள் எவரும் அவளிடம் தமிழில் பேசியதில்லை. பிறகு அவர் என்னையும் என் கணவரையும் கொஞ்ச நேரம் வெளியே இருக்கச் சொன்னார். கதவு முழுக்க மூடவில்லை, பேச்சு காதில் விழுந்தது.

"அம்மா, இது என்ன பத்திரம்னு சொல்லுங்க."

"பவர். எங்கப்பா வீட்டை விக்கறதுக்கு என் தம்பிக்குக் கொடுக்கறேன். வீட்டை மட்டும். கொல்லை இல்ல."

"யாராவது கட்டாயப்படுத்தினாங்களா?"

"என்னை யாரு கட்டாயப்படுத்தறது? நானும் தம்பியும் சேந்து எடுத்த முடிவு."

அப்புறம் எங்களை உள்ளே கூப்பிட்டார். பாஸ்போர்ட்டைப் பார்த்து எண்ணையும் காலாவதித் தேதியையும் பதிவேட்டில் எழுதினார். அம்மா ஏழு பக்கத்திலும் கையெழுத்துப் போட்டாள். நாலாவது பக்கத்துக்கு அப்புறம் இரண்டு நிமிஷம் ஓய்வு. யாரும் அவசரப்படுத்தவில்லை. நண்பர்கள் சாட்சிக் கையெழுத்துப் போட்டார்கள். பதிவேட்டிலும் அம்மா ஒரு கையெழுத்துப் போட்டாள். அதோடு முடிந்தது என்று நினைத்துப் பேனாவை மூடியபோது, அவர் மை அட்டையை எடுத்து, வலது கட்டை விரலைக் கேட்டார்.

அம்மாவின் கை பின்னால் போயிற்று. "எனக்குத்தான் கையெழுத்துப் போடத் தெரியுமே? எதுக்குக் கைநாட்டு? நான் எட்டாவது வரைக்கும் படிச்சவ."

எனக்குச் சுருக்கென்றது. கட்டை விரல் ரேகை என்றால் எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் வைப்பது என்று நம் ஊரில் ஒரு மனக்காயம் இருக்கிறதே, அதை நான் யோசிக்கவே இல்லை. அந்தப் பெண்மணி பதிவேட்டைத் திருப்பிக் காட்டி, வீடு நிலம் சம்பந்தப்பட்ட பத்திரமோ பவரோ என்றால் இங்கே டாக்டர் வந்தாலும் என்ஜினியர் வந்தாலும் கட்டை விரல் ரேகை வைத்தே ஆக வேண்டும், வேறு யாரும் உங்கள் பெயரில் ஏமாற்றக் கூடாது என்பதற்காகத்தான் என்று பொறுமையாகச் சொன்னார். "அப்படியா? அப்ப சரி" என்று அம்மா கையை நீட்டினாள். ரேகை தேய்ந்துபோன விரல். முதல் தடவை சரியாக விழவில்லை. ஈரத்துணியால் துடைத்து, காயவிட்டு, இரண்டாம் தடவை நன்றாக விழுந்தது. ரேகை வைக்க வேண்டியிருக்கும் என்பதை வீட்டுப் பெரியவர்களிடம் முதல் நாளே காரணத்தோடு சொல்லிவிடுங்கள். அந்த ஒரு கணம் அவர்கள் முகம் வாடுவதைப் பார்க்க வேண்டியிருக்காது.

கையெழுத்தே போட முடியாத நிலையில் இருப்பவருக்கும் வழி உண்டு. அவர் ஒரு குறி இட்டு, அதை இரண்டு சாட்சிகள் நேரில் பார்த்து, அவர்களில் ஒருவர் அந்தக் குறிக்கு அருகே அவர் பெயரை எழுதி, இருவரும் சாட்சிக் கையெழுத்திட்டால் செல்லும். ஆனால் அவர் மனம் தெளிவாக இருக்க வேண்டும், நோட்டரியோடு பேசிப் புரியவைக்க முடிய வேண்டும். அது இல்லையென்றால் நோட்டரியால் ஒன்றும் செய்ய முடியாது. வயதானவர்கள் இருக்கும் வீட்டில், நினைவு நன்றாக இருக்கும்போதே இதையெல்லாம் பேசி முடிப்பது நல்லது.

முத்திரை வைப்பதற்கு முன்னால் சான்றைத் தயங்காமல் வாங்கி ஒரு தடவை படியுங்கள். நோட்டரி கோபித்துக்கொள்ள மாட்டார். அந்தப் பெண்மணி கொண்டுவந்திருந்த படிவத்தில் சாண்டா கிளாரா கவுண்டி என்று முன்பே அச்சாகியிருந்தது. கவுண்டி என்பது நம் ஊர் மாவட்டம் மாதிரி. மில்பிடாஸ் அந்தக் கவுண்டியில் இருக்கிறது. ஆனால் சான்றில் வர வேண்டியது கையெழுத்து நடந்த இடம். ஃப்ரீமான்ட் அலமீடா கவுண்டி. அவரே கவனித்து வேறு படிவம் எடுத்தார். பத்திரம் தமிழில் இருக்கலாம், சான்று ஆங்கிலத்தில்தான் இருக்க வேண்டும். அந்தச் சான்றின் மேற்பகுதியில் ஒரு கட்டத்துக்குள், இது கையெழுத்திட்டவரின் அடையாளத்துக்கு மட்டுமே சான்று, ஆவணத்தின் உண்மைக்கோ செல்லுபடிக்கோ அல்ல என்று எழுதியிருக்கும். ஊரில் அதைப் பார்த்து, பத்திரம் செல்லாது என்று எழுதியிருக்கிறதே என மாமா பயந்துவிட்டார். 2015 முதல் கலிஃபோர்னியாவின் எல்லாச் சான்றிலும் அந்த வாசகம் கட்டாயம்.

அதற்கு அடுத்த வேலை அப்போஸ்டில். நோட்டரியின் கையெழுத்து அசல்தான் என்று மாநில அரசு கொடுக்கும் சான்று அது. இந்தியா 2005இலிருந்து அப்போஸ்டில் உடன்படிக்கையில் இருப்பதால் இது அங்கே ஏற்கப்படும். நான் மாநிலத் தலைநகரான சாக்ரமென்டோவுக்கு நேரில் போனேன். அப்போஸ்டிலுக்கு 20 டாலர், நேரில் போவதற்கு 6 டாலர். தபாலில் அனுப்பினால் அந்த 6 டாலர் மிச்சம், ஆனால் காத்திருக்க வேண்டும். நியூயார்க்கில் இருப்பவர்கள் அப்போஸ்டிலுக்கு முன்னால் கவுண்டி கிளார்க்கின் சான்றும் வாங்க வேண்டும். அப்போஸ்டில் தாளைப் பத்திரத்தோடு பின் அடித்துக் கொடுப்பார்கள். ஸ்கேன் எடுப்பதற்காக அந்தப் பின்னைக் கழற்றவே கழற்றாதீர்கள்.

கூரியரில் அனுப்பியபோது மாமாவிடம் ஒன்று மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னேன். உறையைத் தூக்கிப்போடாதீர்கள், அதன்மேல் இருக்கும் தேதிதான் பத்திரம் எப்போது இந்தியா வந்தது என்பதற்கு அத்தாட்சி. மூன்று மாதக் கணக்கு அன்றிலிருந்துதான். அவர் உறையோடு மாவட்டப் பதிவாளர் அலுவலகத்துக்குப் போய் முத்திரைத் தீர்வை கட்டினார்.

கிரயத் தேதி முடிவானதும் பத்திர எழுத்தர், பவர் கொடுத்தவர் உயிரோடு இருக்கிறார் என்பதற்குச் சான்று கேட்டார். அவர் அனுப்பிய மாதிரியில், "இவர் உயிருடன் இருக்கிறார் எனச் சான்றளிக்கிறேன்" என்று நோட்டரி சொல்வதாக இருந்தது. கலிஃபோர்னிய நோட்டரி அப்படி ஒரு சான்று தர முடியாது. அதை அம்மாவே சொல்லும் உறுதிமொழியாக மாற்றினோம். பத்திர எழுத்தர் சரி என்றபின், அதே பெண்மணியிடம் ஜுராட் வாங்கினோம். அதற்குள் அம்மா வாக்கர் பிடித்து நடக்க ஆரம்பித்திருந்தாள். நாங்களே அவர் வீட்டுக்குப் போனோம். "இதில் எழுதியிருப்பது உண்மை என்று உறுதி சொல்கிறீர்களா?" என்று அவர் கேட்டதற்கு, "உசுரோடதான் வந்து நிக்கிறேனே, சத்தியமா உண்மை" என்றாள் அம்மா.

பத்திரம் பதிவான அன்று இங்கே இரவு பதினொன்றரை. மாமா ரிஜிஸ்டர் ஆபீஸ் வாசலிலிருந்தே வீடியோ காலில் வந்தார். எல்லாம் நல்லபடியாக முடிந்தது, சாவியைக் கொடுத்துவிட்டேன் என்றார். அம்மா தூங்காமல் உட்கார்ந்திருந்தாள். முழுதாகக் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, போனைத் தன் பக்கம் திருப்பச் சொன்னாள்.

"வீட்டுச் சாவியைக் கொடுத்தது சரி தம்பி. கொல்லைக் கதவுச் சாவி தனியா இருக்குமே, அதை நீ எடுத்து வெச்சுக்கிட்டியா?"

மாமா சட்டைப்பையிலிருந்து எடுத்துக் காட்டினார்.